‘இஸ்லாமியத் தீவிரவாதிகள்’ என்று தலைப்பிடும் முன்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் சர்வதேசப் பிரிவில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

முஸ்லிம் நாடுகளில் இயங்கும் ஆயுத அமைப்புகளுக்கு வாஷிங்டனும் லண்டனும் பாரிஸும் சூட்டும் பெயர்கள் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காப்பியில் ஏறி, செய்தியைத் தொகுக்கும் உங்கள் டெஸ்க்குக்கு வருகின்றன. கடைசிப் பதிப்பு மூடுவதற்குள் அவை தமிழாகிவிடுகின்றன. அந்த அவசரத்தில் மூலத்தில் இருந்த வேறுபாடுகள் எல்லாம் உதிர்ந்து, ‘இஸ்லாமியத் தீவிரவாதிகள்’ என்ற ஒரே தொடரில் போய் முடிகின்றன. இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். வேலை நெருக்கடிக்கு நடுவே அதை எப்படிச் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சேதம் எங்கே நடக்கிறது? ஆங்கிலத்தில் ‘இஸ்லாமிக்’ என்றால் சமயத்தைச் சேர்ந்தது: இஸ்லாமிக் கட்டடக்கலை, இஸ்லாமிக் வங்கி. ‘இஸ்லாமிஸ்ட்’ என்பது அரசும் சட்டமும் இஸ்லாமிய நெறிப்படி அமைய வேண்டும் என்று இயங்குகிற அரசியல் போக்கு. அதில் துப்பாக்கி தூக்கியவர்களும் உண்டு, தேர்தலில் நின்றவர்களும் உண்டு. துனீசியாவில் 2011-ல் தேர்தல் வழியே முதலிடம் பிடித்த எந்நஹ்தா கட்சியையும் அப்படித்தான் அழைத்தார்கள். அமெரிக்கச் செய்தி ஏஜென்சியான அசோசியேட்டட் பிரஸ் 2013 ஏப்ரலில் தன் நடைக் கையேட்டைத் திருத்தியபோது, ஆயுததாரிகளையும் தீவிரப் போக்கினரையும் குறிக்க ‘இஸ்லாமிஸ்ட்’ என்று எழுதாதீர்கள், முடிந்தவரை அமைப்பின் பெயரையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. தமிழில் இரண்டுமே ‘இஸ்லாமிய’ ஆகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, தமிழில் ‘இஸ்லாமியர்’ என்றாலே முஸ்லிம் மக்கள் என்றுதான் பொருள். ஓர் அரசியல் போக்கைப் பற்றிப் படிக்க வேண்டிய வாசகர், தன் தெருவில் குடியிருக்கும் சமூகத்தைப் பற்றிப் படிக்கிறார்.

அடுத்த சொல்லிலும் இதே கதைதான். ‘மிலிட்டன்ட்’ என்றால் ஆயுதம் ஏந்தியவர். நல்லவர் கெட்டவர் என்ற தீர்ப்பு அதில் குறைவு. ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்றால் கருத்தில் கடைக்கோடிக்குப் போனவர். அவர் கையில் ஆயுதம் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘டெரரிஸ்ட்’ என்பது சட்டத் தீர்ப்பைச் சுமக்கும் சொல். மூன்றுக்கும் நாம் ‘தீவிரவாதி’ என்றே எழுதுகிறோம். மூன்றாவதற்குச் சில சமயம் ‘பயங்கரவாதி’. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ஆயுததாரிகள்’ என்ற நல்ல சொல் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ‘மிலிட்டன்ட்’ வரும் இடத்தில் அதையோ, ‘ஆயுதக் குழுவினர்’ என்றோ எழுதினால் பாதிச் சிக்கல் அன்றிரவே தீரும்.

சரி, மூலத்தை அப்படியே துல்லியமாகப் பெயர்த்தால் போதுமா என்றால், போதாது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு தேதியும் உண்டு. ஓர் அரசு ஒரு தேவைக்காக எடுத்து, தேவை மாறியதும் கீழே வைத்த சொற்கள் இவை. அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2001 செப்டம்பர் 16 அன்று ஜார்ஜ் புஷ் ‘சிலுவைப் போர்’ என்று பொருள்படும் சொல்லை உதிர்த்தார். மறுநாளே வாஷிங்டன் பள்ளிவாசலுக்குப் போய், இஸ்லாம் அமைதி மார்க்கம் என்றார். 20-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்ற தொடரை நிலைநாட்டினார். 2005 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அதை ‘வன்முறைத் தீவிரப்போக்குக்கு எதிரான உலகளாவிய போராட்டம்’ என்று மாற்றப் பார்த்தார். அடுத்த மாதமே புஷ் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார். 2006 ஆகஸ்ட் 10 அன்று, அட்லாண்டிக் மேலே விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் அம்பலமான நாளில், ‘இஸ்லாமியப் பாசிஸ்ட்டுகளோடு போர்’ என்றார். 2008-ன் தொடக்கத்தில் அவருடைய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, ‘ஜிஹாதி’, ‘முஜாஹித்’ போன்ற சொற்கள் கொலைகாரர்களுக்கு மார்க்கப் பெருமை சேர்க்கின்றன, தவிர்த்துவிடுங்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதியது. 2009-ல் ஒபாமா நிர்வாகம் வந்ததும் போருக்கே ‘வெளிநாட்டு அவசர நடவடிக்கை’ என்று பெயர் மாறியது, சண்டை நிற்கவில்லை. 2017 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்பு உரையிலேயே ‘தீவிர இஸ்லாமியப் பயங்கரவாதம்’ என்றார்.

அந்த ஆண்டு மே 21 அன்று ரியாத்தில் நடந்ததை ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் முன்னால் டிரம்ப் படிக்க வேண்டிய உரை முன்கூட்டியே பத்திரிகைகளுக்குத் தரப்பட்டிருந்தது. அதில் ‘இஸ்லாமிஸ்ட் தீவிரப்போக்கு’ என்று இருந்தது. மேடையில் அவர் வாயில் வந்தது ‘இஸ்லாமிக் தீவிரப்போக்கு’. அதிபர் களைத்துப்போயிருந்தார் என்று வெள்ளை மாளிகை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல்லின் கடைசி அசைக்கு அங்கே அவ்வளவு எடை. தமிழில் அந்தச் செய்தியை நம் வழக்கப்படி எழுதினால் அச்சிட்ட உரையும் பேசிய உரையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். செய்தியே இல்லாமல் போய்விடும்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் பெயர் மாற்றங்களுக்குக் குறைவில்லை. ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்ற தொடரைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர் ஹிலரி பென் 2007-ல் நியூயார்க்கிலேயே அறிவித்தார். பிரான்சில் அதிபர் மக்ரோன் 2020 அக்டோபரில் ‘இஸ்லாமியவாதப் பிரிவினைவாதம்’ என்று பேசினார். அதையொட்டி 2021 ஆகஸ்ட் 24 அன்று வந்த சட்டத்தின் பெயரிலோ இஸ்லாமும் இல்லை, பிரிவினைவாதமும் இல்லை. ‘குடியரசின் கோட்பாடுகளுக்கான மதிப்பை வலுப்படுத்துதல்’ என்றிருந்தது. கனடாவின் உளவுத் துறையும் ஆஸ்திரேலியாவின் உளவுத் துறையும் மதப் பெயர்களை விட்டுவிட்டு ‘மத உந்துதல் கொண்ட வன்முறைத் தீவிரப்போக்கு’ என்ற பொதுத் தலைப்புக்கு வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோலின் ஆண்டறிக்கையோ ‘ஜிஹாதியப் பயங்கரவாதம்’ என்றே இன்னும் தனி அத்தியாயம் போடுகிறது. ஆக, ‘மேற்குலகம் இப்படி அழைக்கிறது’ என்று எழுதுவதே தவறு. எந்த அரசு, எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்று கேட்க வேண்டும்.

இது மேற்கின் நோய் மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பாகிஸ்தான் அரசு 2024-ல் பாகிஸ்தான் தாலிபானை ‘ஃபித்னா அல்-கவாரிஜ்’ என்று அழைக்கும்படி அதிகாரபூர்வமாக உத்தரவிட்டது. மார்க்கத்தை விட்டு வெளியேறிய கலகக்காரர்கள் என்ற தீர்ப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

சொல் மாறும்போது ஆள் மாறுவதில்லை என்பதற்கு ஆப்கன் முஜாஹிதீன் தலைவர்களில் ஒருவரான குல்புதீன் ஹெக்மத்யாரைப் பாருங்கள். 1980-களில் சோவியத் படையை எதிர்த்த ஆப்கன் முஜாஹிதீன்களை அமெரிக்க அதிபர் ரீகன் ‘சுதந்திரப் போராளிகள்’ என்றார். 1982 மார்ச்சில் கொலம்பியா விண்கல ஏவுதலை ஆப்கன் மக்களுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்கப் பணத்திலும் ஆயுதத்திலும் பெரும்பங்கு ஹெக்மத்யார் கட்சிக்குப் போனது. 2003 பிப்ரவரியில் அதே ஹெக்மத்யார் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் ஏறினார். 2016-ல் காபூல் அரசோடு சமாதான ஒப்பந்தம் போட்டார். 2017 பிப்ரவரியில் ஐ.நா. தன் தடைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தது.

அண்மைக் கதை இன்னும் வேகமானது. அல்-காய்தாவின் சிரியக் கிளையாகத் தொடங்கிய நுஸ்ரா முன்னணியை அமெரிக்கா 2012 டிசம்பரில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அது இரண்டு முறை பெயர் மாறி 2017-ல் ஹயாத் தஹ்ரிர் அல்-ஷாம் ஆனது. தலைவர் அல்-ஜுலானியின் தலைக்கு 1 கோடி டாலர் விலை வைத்தார்கள். 2024 டிசம்பர் 8 அன்று சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் அந்த அமைப்பு தலைமையிலான படைகளிடம் விழுந்தது. இரண்டு வாரத்துக்குள் அந்த விலை விலக்கிக்கொள்ளப்பட்டது. அல்-ஜுலானி, அகமது அல்-ஷரா என்ற இயற்பெயரில் இடைக்கால அதிபரானார். 2025 மே மாதம் டிரம்ப் அவரோடு கைகுலுக்கினார். ஜூலை 8 அன்று அமைப்பின் பெயர் அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கியது. நவம்பர் 6 அன்று பாதுகாப்புச் சபை அவர் மீதான தடையை நீக்கியது. இந்த ஓராண்டில் ‘பயங்கரவாதிகள்’, ‘இஸ்லாமியக் கிளர்ச்சியாளர்கள்’, ‘கிளர்ச்சியாளர்கள்’, ‘ஆட்சியாளர்கள்’ என்று ஒரே ஆட்கள் நான்கு பெயரில் வந்து போனார்கள். அமைப்பின் பெயரையும் அன்றைய பட்டியல் நிலையையும் எழுதியிருந்தால் வாசகருக்கு இந்தப் பயணம் முழுதாகப் புரிந்திருக்கும்.

பட்டியல் நிலை என்றதும் ‘தடை செய்யப்பட்ட பயங்கரவாத அமைப்பு’ என்று எழுதி முடித்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. யார் தடை செய்தது? அமெரிக்க வெளியுறவு அமைச்சர் குடியேற்றச் சட்டத்தின் கீழ் ‘வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு’ என்று அறிவித்தால், அதற்குத் தெரிந்தே பொருளுதவி செய்வது 20 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2001 செப்டம்பரில் வந்த அதிபரின் 13224-ஆம் ஆணையின் கீழ் பட்டியலிட்டால் முதன்மை விளைவு சொத்து முடக்கம். ஆப்கன் தாலிபான் இந்த இரண்டாவது பட்டியலில்தான் வைக்கப்பட்டது, முதலாவதில் சேர்க்கப்படவில்லை. பாகிஸ்தான் தாலிபான் 2010-லேயே முதலாவதில் சேர்ந்துவிட்டது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிய செய்திகள் ஏராளம். ஐ.நா. பாதுகாப்புச் சபையும் 2011-லிருந்து தாலிபானுக்கு ஒரு பட்டியல், அல்-காய்தாவுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. லெபனானின் ஹெஸ்புல்லாவை அமெரிக்கா 1997-லும் பிரிட்டன் 2019-லும் முழுமையாகப் பட்டியலிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அதன் ராணுவப் பிரிவை மட்டும் சேர்த்தது. ஹமாஸ் விஷயத்தில் பிரிட்டன் 2001-ல் ராணுவப் பிரிவையும் 2021-ல் முழு அமைப்பையும் தடை செய்தது.

பிரிட்டனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘பயங்கரவாத அமைப்பு’ என்று தடை செய்யப்பட்டதில் உறுப்பினராக இருந்தால் 14 ஆண்டு வரை சிறை. ‘தீவிரப்போக்கு அமைப்பு’ என்று அரசு சொல்வது வேறு. 2024 மார்ச் 14 அன்று வெளியான வரையறை சட்டமே இல்லை. எந்த அமைப்போடு அரசுத் துறைகள் பேசலாம், யாருக்கு நிதி தரலாம் என்று முடிவெடுக்க உதவும் நிர்வாக அளவுகோல். இரண்டையும் ‘தீவிரவாத அமைப்பு’ என்று எழுதினால், சட்டப்படி இயங்கும் ஒரு சங்கத்தை வாசகர் குண்டு வைக்கும் கூட்டமாகப் புரிந்துகொள்வார்.

இனி நம் மொழியின் கட்டமைப்பு தரும் சிக்கல்களுக்கு வருகிறோம். டெஸ்க்கில் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘என்று பிரிட்டன் போலீஸ் தெரிவித்தது’ என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். இடமில்லை என்று கடைசியிலிருந்து வெட்டினால் முதலில் போவது சொன்னவரின் பெயர். மிஞ்சுவது குற்றச்சாட்டு, பத்திரிகையின் சொந்தக் கூற்றாக. சொன்னவரை முன்னால் கொண்டுவந்து ‘பிரிட்டன் போலீஸ் கூற்றுப்படி’ என்று தொடங்குங்கள். பெயரெச்சத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. ‘அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் வைத்துள்ள ஹமாஸ்’ என்பது தலைப்பில் நீளமாக இருக்கிறதென்று ‘பயங்கரவாத ஹமாஸ்’ ஆகும்போது ஓர் அரசின் முடிவு உலக உண்மையாகிவிடுகிறது. குறைக்க வேண்டுமானால் அடைமொழியை முழுதாக எடுத்துவிட்டு ‘ஹமாஸ்’ என்று மட்டும் விடுங்கள். ‘சந்தேகிக்கப்படும்’ என்ற சொல் மூலத்தில் இருந்தால் அதைத் தலைப்புக்காகக்கூடத் தூக்காதீர்கள். சம்பவம் நடந்து சில மணி நேரத்தில் எழுதிய காப்பியில் அந்த ஒரு சொல்தான் பாதுகாப்பு.

ஒரு மாதிரி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘வடக்கு மாலியில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் தாக்குதல்: 15 வீரர்கள் பலி.’ இதில் யார் தாக்கினார்கள் என்ற தகவலே இல்லை. மாலியில் அல்-காய்தா அணியான ஜே.என்.ஐ.எம். இருக்கிறது; 2017-ல் நான்கு குழுக்கள் சேர்ந்து உருவானது. ஐ.எஸ். அமைப்பின் சஹேல் (சகாராவுக்குத் தெற்கே உள்ள பகுதி) கிளையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்பவை. ‘மாலி ராணுவ முகாமில் அல்-காய்தா அணி தாக்குதல்: 15 வீரர்கள் பலி’ என்று எழுதினால் இடம் கூடவில்லை, தகவல் கூடியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கானியரும் இறந்தார்கள். வைத்தது ஐ.எஸ். அமைப்பின் ஆப்கன் கிளையான ஐ.எஸ். கொராசான். வெளிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் தாலிபான்கள். இருவரையும் ஒரே அடைமொழியில் அழைத்தால் அந்தச் செய்தியைப் புரியும்படி எழுதவே முடியாது.

‘இஸ்லாமிஸ்ட்’ என்பதற்கு ‘இஸ்லாமியவாதி’, ‘இஸ்லாமியவாத’ என்று எழுதப் பரிந்துரைக்கிறோம். ‘இஸ்லாமிய’ என்பதோடு கண் குழம்பும் அபாயம் இருப்பதால், முதல் குறிப்பில் ‘இஸ்லாமியச் சட்டத்தின்படி ஆட்சி கோரும்’ என்று விரித்தே எழுதிவிடுங்கள். ‘ஜிஹாத்’ என்பதைப் ‘புனிதப் போர்’ என்று பெயர்க்க வேண்டாம். அது ஐரோப்பியத் திருச்சபை வரலாற்றிலிருந்து வந்த கருத்து. அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் முயற்சி, பாடுபடுதல். அமைப்பின் பெயரிலோ மேற்கோளிலோ வந்தால் ‘ஜிஹாத்’ என்றே விட்டுவிடலாம். ‘இஸ்லாமிய அரசு’ என்று மொட்டையாக எழுதினால் ஈரான் அரசா, ஐ.எஸ். அமைப்பா என்று தெரியாது. ‘ஐ.எஸ். அமைப்பு’ போதும். பிரான்ஸ் 2014-லும் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் 2015-லும் எடுத்துக்கொண்ட ‘தாயிஷ்’ என்ற பெயர் அவ்வமைப்பை எதிர்ப்பவர்கள் இளக்காரமாகச் சொல்வது. 120 பிரிட்டிஷ் எம்.பி.க்கள் கேட்டும் பிபிசி அந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தது. அது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து.

மதத்தையே குறிப்பிடாதீர்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. 2014 ஆகஸ்ட்டில் இராக்கின் சின்ஜாரில் பிடித்த, யஸீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த பெண்களை ஐ.எஸ். அடிமைகளாக விற்றது; அதற்கு மார்க்க நியாயம் கற்பித்துத் தன் இதழிலேயே கட்டுரை வெளியிட்டது. ஐ.நா. விசாரணை ஆணையம் 2016-ல் அதை இனப்படுகொலை என்றது. இதை வெறும் ‘வன்முறைத் தீவிரப்போக்கு’ என்று எழுதினால் அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பது மறைந்துபோகும். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ‘இஸ்லாத்தின் பெயரால் ஐ.எஸ். நியாயம் கற்பித்தது’ என்று கூற்றை அந்த அமைப்பின் மேலேயே வைத்து எழுதுங்கள். உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 120-க்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் 2014 செப்டம்பரில் அந்த நியாயங்களை மார்க்க நூல்களின் அடிப்படையிலேயே மறுத்து, அதன் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள் என்பதும் செய்திதான். பெஷாவர் ராணுவப் பள்ளியில் 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் தாலிபான் சுட்டுக்கொன்ற பிள்ளைகள் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். கொன்றவர்களின் அடைமொழி, இறந்தவர்களின் சமூகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்வதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த ஒழுங்கு தமிழ்ப் பத்திரிகைக்குப் புதிதில்லை. அமெரிக்கா 1997 அக்டோபர் 8 அன்று வெளியிட்ட முதல் பயங்கரவாதப் பட்டியலில் ஹமாஸும் ஹெஸ்புல்லாவும் இருந்தன. விடுதலைப் புலிகளும் இருந்தார்கள். (அல்-காய்தா அதில் இல்லை, 1999-ல்தான் சேர்ந்தது.) புலிகளைக் கடுமையாக எதிர்த்த தமிழ் ஏடுகள்கூட அவர்களை அமைப்பின் பெயரால்தான் எழுதின. அவர்கள் செயலை ஒரு மதத்தின் பெயரோடோ, தமிழர் என்ற அடைமொழியோடோ கட்டவில்லை. கட்டினால் யாருக்கு வலிக்கும் என்று டெஸ்க்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இது நம் வாசலுக்கே வந்தது. இலங்கை அரசு ஏப்ரல் 27 அன்று தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தையும் ஜமாஅதே மில்லது இப்ராஹீமையும் தடை செய்தது. ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத், தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் ஆகியவை வேறு அமைப்புகள். தமக்குத் தொடர்பில்லை என்று தமிழ்நாடு அமைப்பு வெளிப்படையாக மறுத்தது. ‘தவ்ஹீத் ஜமாஅத்’ என்று முன்னொட்டை வெட்டி எழுதும் ஒவ்வொரு தலைப்பும் இத்தனை அமைப்புகளையும் ஒன்றாகக் கட்டுகிறது. வெறும் ‘ஜமாத்’ என்று எழுதினால் இன்னும் மோசம்: தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அதுதான் பெயர். 2021 ஏப்ரலில் இலங்கை 11 அமைப்புகளைத் தடை செய்தது; அவற்றில் 5 மீதான தடை 2023-ல் நீங்கியது. உங்கள் இணையக் காப்பகத்தில் இருக்கும் பழைய செய்திகளில் அவை இன்றும் தடை செய்யப்பட்டவையாகவே கிடக்கின்றனவா என்று ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். இருந்தால், செய்தியின் தலையில் தேதியோடு ஒரு வரி சேருங்கள்.

ஒவ்வொரு சர்வதேச டெஸ்க்கும் ஒரே ஒரு தாளில் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். அமைப்பின் பெயர், தமிழில் எழுதும் முறை, எந்த நாட்டில் இயங்குகிறது, யாரோடு அணி, எந்த அரசு எந்த ஆண்டு பட்டியலிட்டது, எப்போது நீக்கியது. 30 பெயர்கள் இருந்தாலே ஆண்டு முழுக்க வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.நா., அமெரிக்க, பிரிட்டிஷ் பட்டியல்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால் சரி. மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு எழுதுபவர், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஸ்க்ரோல் ஓட்டுபவர், யூடியூப் முகப்புப் படத்துக்கு எழுத்து வைப்பவர் ஆகியோரிடமும் அந்தத் தாள் இருக்க வேண்டும். செய்திக்குள் சரியாக எழுதிய பெயர் கெடுவது பெரும்பாலும் அந்த மூன்று இடங்களில்தான்.

இப்படிக்கு,
சர்வதேசச் செய்தி மொழிபெயர்ப்பிலும் மேற்காசிய அரசியல் ஆய்விலும் ஈடுபட்டுள்ள சிலர்